வேனின் பின்பக்கத்துக்கு ஸ்வே பார்: வீட்டிலேயே மாட்டுவது பற்றி

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களிடம் இருப்பது ராம் ப்ரோமாஸ்டர் 2500, உயரக் கூரை வேன். அமெரிக்காவில் ஓட்டுகிறீர்கள். உள்ளே கட்டில், சமையல் மேடை, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பேட்டரிகள் எல்லாம் வைத்து அதை ஒரு சின்ன வீடாக மாற்றியிருக்கிறீர்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வளைவுகளில் வண்டி வெளிப்பக்கம் சாய்கிறது. பெரிய லாரி கடந்துபோனால் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. பின்பக்க ஸ்வே பார் (வண்டி சாய்வதை எதிர்க்கும் கம்பி) ஒன்றை வாங்கி வீட்டு முற்றத்தில் நீங்களே மாட்டினால் இது சரியாகுமா, எதில் கவனம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாட்டலாம். என் ப்ரோமாஸ்டருக்கு நானும் வீட்டு முற்றத்தில் படுத்துக்கொண்டுதான் மாட்டினேன். அப்புறம் நண்பர்கள் இரண்டு பேரின் வேன்களுக்கும் கூட இருந்து மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கைக்கு இது அரைநாள் வேலை, பலன் முதல் வளைவிலேயே தெரியும். ஆனால் அந்தக் கம்பி எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்று புரியாமல் மாட்டினால், வண்டி ரொம்பப் பாதுகாப்பாகிவிட்டது என்ற தவறான தைரியம் வந்துவிடும். எனக்கு அதுதான் கவலை. அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

ஸ்வே பார், நம் ஊர் மெக்கானிக்குகள் ஸ்டெபிலைசர் ராடு என்று சொல்வது, உண்மையில் ஒரு முறுக்கு ஸ்பிரிங். ‘ப’ வடிவத்தில் வளைத்த எஃகுக் கம்பி. நடுப்பகுதி வண்டியின் குறுக்கே ஓடும், இரண்டு முனைகளும் கைகளைப் போல நீண்டிருக்கும். ஈரத் துணியைப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் ஒரே பக்கம் திருப்பினால் துணி சும்மா சுழலும். எதிரெதிராகத் திருப்பினால்தான் முறுக்கு ஏறும். இதுவும் அப்படித்தான். வேகத்தடையில் இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்து மேலே ஏறினால் கம்பி சுழன்றுகொடுத்துவிடும். வளைவில் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பினால் கம்பி முறுக்கேறி, அந்தச் சாய்வை எதிர்க்கும். அதனால்தான் ஸ்பிரிங்கைக் கடினமாக்காமலே சாய்வைக் குறைக்க முடிகிறது.

கம்பியின் தடிமன் விஷயத்தில் பலர் ஏமாந்துபோவார்கள். முறுக்குக்கு அது காட்டும் எதிர்ப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 19 மி.மீ. கம்பிக்குப் பதில் 22 மி.மீ. போட்டால் பார்வைக்கு 3 மி.மீ. வித்தியாசம்தான், விறைப்போ கிட்டத்தட்ட 80 சதவீதம் கூடிவிடும். கையின் நீளமும் முக்கியம். லிங்க் ராடு (கம்பியின் முனையை வண்டியோடு இணைக்கும் சின்னத் தண்டு) மாட்டும் துளை, நடுக்கம்பிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு விறைப்பு. 250 மி.மீ. கையை 225 ஆக்கினால் சுமார் 23 சதவீதம் கூடும். கையில் இரண்டு மூன்று துளைகள் போட்டு வரும் பார்கள் இதற்காகத்தான். உள்ளே பொள்ளலான குழாய்க் கம்பியைப் பார்த்து இது தாங்குமா என்று தயங்க வேண்டாம். 25 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. சுவரும் உள்ள குழாய், அதே விட்டமுள்ள திடக்கம்பியின் விறைப்பில் 79 சதவீதத்தைக் கொடுக்கும், எடையோ பாதிக்குச் சற்றே அதிகம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறுகிறதே, அதன் மொத்த அளவை ஸ்வே பார் ஏறக்குறைய மாற்றுவதே இல்லை. அதைத் தீர்மானிப்பவை வேகம், வளைவின் ஆரம், எடை மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையேயான அகலம் ஆகியவை. பார் மாற்றுவது பங்கீட்டை. பின்பக்கம் விறைப்பைக் கூட்டினால் அந்த எடைமாற்றத்தில் பெரிய பங்கைப் பின் அச்சு சுமக்கும், முன் அச்சின் பங்கு குறையும். டயருக்கு ஒரு குணம் உண்டு: எடை இரண்டு மடங்கானால் பிடிமானமும் இரண்டு மடங்காகாது, சற்றுக் குறைவாகவே கூடும். ஆகவே எடை சமமில்லாத அச்சில் மொத்தப் பிடிமானம் குறைகிறது. பின்பக்க பார் போட்டால் முன்சக்கரங்களுக்குப் பிடிமானம் கொஞ்சம் கூடும், பின்சக்கரங்களுக்குக் கொஞ்சம் குறையும்.

ப்ரோமாஸ்டர் முன்சக்கர இழுவை வண்டி. ஸ்டியரிங்கை ஒடித்தாலும் மூக்கு நேராகவே போகப் பார்க்கும் குணம் இத்தகைய வண்டிகளுக்கு இயல்பாகவே உண்டு. பின்பக்க பார் அதைத் தணித்து, வண்டியைத் திருப்பத்துக்குச் சொன்னபடி கேட்க வைக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அளவு மீறினால் மழையில் பின்புறம் வழுக்கி வெளியே போகும். மூக்கு வழுக்கினால் பிரேக்கைத் தொட்டுச் சமாளிக்கலாம். வால் வழுக்கினால் நெடிய வேனில் சாதாரண ஓட்டுநர் சமாளிப்பது கஷ்டம். உங்கள் வண்டியில் இருக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு அந்த நேரத்தில் சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து உதவும். ஆனால் அதைத் தொழிற்சாலையில் டியூன் செய்தது அங்கே பொருத்திய சஸ்பென்ஷனை வைத்துத்தான். எனவே கிடைப்பதிலேயே தடிமனான கம்பியைத் தேடாதீர்கள். வாங்கியதையும் முதலில் மென்மையான துளையிலேயே, அதாவது நடுக்கம்பியிலிருந்து தள்ளி இருப்பதிலேயே, மாட்டுங்கள். என் வண்டியில் இன்றுவரை அந்தத் துளைதான்.

சாய்வு குறைந்தால் கவிழும் ஆபத்தும் குறைந்துவிட்டதா? மிகக் கொஞ்சமே. சக்கர இடைவெளியில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண்ணை வைத்துத்தான் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனமான நிட்சா, 2001 மாடல் வண்டிகளிலிருந்து கவிழும் அபாயத்துக்கு நட்சத்திர மதிப்பீடு தரத் தொடங்கியது. உங்கள் வேனுக்கு இடைவெளி 1.8 மீட்டர், நிரப்பிய நிலையில் எடை மையம் 1 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 0.9 வருகிறது. இந்த எண் குறையக் குறையக் கவிழ்வது எளிது. உடல் 5 பாகை சாயும்போது எடை மையம் சுமார் 6 செ.மீ. வெளிப்பக்கம் நகரும். பார் போட்டுச் சாய்வை 3 பாகையாகக் குறைத்தால் சுமார் 3.5 செ.மீ.தான் நகரும். மிச்சம் இரண்டரை செ.மீ. 90 செ.மீ.யில் அது 3 சதவீதம்கூட இல்லை. இதே 3 சதவீதம் வேறு வழியிலும் கிடைக்கும். 3,200 கிலோ வண்டியில் 100 கிலோ சாமானை ஒரு மீட்டர் கீழே இறக்கினாலே போதும், எடை மையம் 3 செ.மீ. இறங்கும். அதற்குக் காசும் செலவில்லை.

15 பேர் உட்காரும் வேன்களைப் பற்றி நிட்சா 2001-இல் விட்ட எச்சரிக்கையும் இதைத்தான் காட்டியது. பத்துப் பேருக்கு மேல் ஏறினால், குறைந்த ஆட்களோடு ஓடும்போது இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கவிழும் அபாயம் என்றது. வண்டி அதேதான், ஏறிய எடையும் அது உட்கார்ந்த உயரமும்தான் வேறு. வீடாக மாற்றிய வேன் எப்போதுமே ஆட்கள் நிறைந்த வேனைப் போலத்தான்.

அதனால் பாருக்குப் பணம் கட்டும் முன் ஒரு மாலைநேரம் ஒதுக்கி வண்டியைப் பாருங்கள். முதலில் டயர். 225/75ஆர்16 அளவில் 'இ' சுமைத்தர டயராக இருந்தால் அது 80 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வரை தாங்கும், ஆனால் எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். அந்த அளவு, காலையில், டயர் சூடாகும் முன். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் மடங்குவதைப் பலர் ஸ்பிரிங் சாய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த இரண்டு நண்பர்களின் வேன்களில் ஒன்றில் பாதிக் குறை காற்று அடித்ததிலேயே தீர்ந்தது.

அடுத்து ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக். லாரி கடந்தபின் வண்டி ஒரு முறை ஆடி நின்றால் ஷாக் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது என்று அர்த்தம். ஸ்வே பார் ஒரு ஸ்பிரிங்தான், ஆட்டத்தை விழுங்கும் வேலை அதற்குத் தெரியாது. தேய்ந்த ஷாக்கோடு விறைப்பான பார் போட்டால் சாய்வு குறைந்து, நடுக்கம் வேகமாகி, ஓய்வதற்கு இன்னும் நேரம் எடுக்கும். நீங்கள் ‘ஊஞ்சல்’ என்று எழுதியதைப் படித்தால் எனக்கு முதல் சந்தேகம் ஷாக் மேல்தான்.

பின்புறம் தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் லீஃப் ஸ்பிரிங்கை, லாரிக்காரர்கள் பட்டை என்று சொல்வதை, முதலில் கவனிக்க வேண்டும். சிலர் அதற்கு உதவியாகக் காற்றுப்பை மாட்டுவார்கள். அதில் ஒரு நுணுக்கம்: இடது வலது பைகளுக்குத் தனித்தனிக் குழாய் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே குழாயில் இணைத்துவிட்டால் வளைவில் அமுங்கும் பையிலிருந்து காற்று மறுபைக்கு ஓடிவிடும், சாய்வைத் தடுக்கப் பைகள் உதவாது. தண்ணீர்த் தொட்டி பாதி நிறைந்திருக்கும்போதுதான் மோசம். நிறைந்த தொட்டி அசையாது, காலித் தொட்டிக்கு எடையில்லை, பாதித் தொட்டியில் 50 கிலோ தண்ணீர் வளைவின் வெளிப்பக்கம் பாயும். உள்தடுப்பு உள்ள தொட்டியை இரு அச்சுகளுக்கும் இடையில், தரையோடு வையுங்கள்.

இதெல்லாம் சரி என்றால் பார் வாங்கலாம். கீழே குனிந்து, உங்கள் வண்டியில் ஏற்கெனவே பின்பக்க பார் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள், முன்னால் வைத்திருந்தவர் மாட்டியிருக்கலாம். உங்கள் வேனுக்குப் பின்னால் இருப்பது இன்ஜின் சக்தி போகாத வெறும் குறுக்கு அச்சும் லீஃப் ஸ்பிரிங்கும். இந்த அமைப்புக்கான கிட்டில் பெரும்பாலும் கம்பி யு போல்ட்டால் அச்சோடு பிடிக்கப்பட்டு, முனைகளிலிருந்து லிங்க் ராடுகள் மேலே வண்டியின் அடிச்சட்டத்துக்கு (சேசிஸ்) போகும். ஏற்கெனவே உள்ள துளைகளில் மாட்டும் கிட்டையே தேர்ந்தெடுங்கள். சட்டத்தில் புதிதாகத் துளை போடச் சொல்லும் கிட் என்றால் யோசிக்க வேண்டும். சட்டத்தின் மேல் கீழ் விளிம்புகள்தான் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குபவை, அங்கே துளை கூடவே கூடாது. அச்சில் வெல்டிங் வைக்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். லிங்க் ராடு நீளம் கூட்டிக் குறைக்கக்கூடியதாக இருக்கட்டும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வேலைக்கு முன் உயிர்ப் பாதுகாப்பு. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே போகவே போகாதீர்கள். என் பரிந்துரை, பின்சக்கரங்களை எடை தாங்கும் சரிவுப் பலகைகளில் பின்னோக்கி ஏற்றிவிடுவது. அப்படி ஏற்றினால் வண்டி தன் சக்கரங்களிலேயே நிற்கும், கைப்பிரேக்கும் வேலை செய்யும், அச்சும் ஓட்டும்போது இருக்கும் உயரத்திலேயே இருக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. அவற்றைத் தூக்கிவிட்டால் அது வண்டியைப் பிடிக்காது. முன்சக்கர இழுவை வண்டியில் 'பார்க்' நிலை முன்சக்கரங்களைப் பிடித்துக்கொள்வதால் உங்களுக்கு ஒரு துணை மிஞ்சுகிறது. பின்சக்கர இழுவை வேனில் அதுவும் கிடையாது. ஒற்றைப் பின்சக்கரத்தைத் தூக்கினால்கூட இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் வழியாக அது சுழன்று வண்டி நகர்ந்துவிடலாம். எந்த வண்டியானாலும் முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுத்தான் கீழே படுக்க வேண்டும். தரை சமதளமான கான்கிரீட்டாக இருக்கட்டும். தார்த் தரையில், தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டின் கால் வெயிலில் அமிழும்.

மாட்டுவதே எளிது. அச்சில் துரு, மண் எல்லாம் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, பிரேக் குழாயும் கைப்பிரேக் கேபிளும் எங்கே ஓடுகின்றன என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். யு போல்ட் அவற்றை நசுக்கக் கூடாது. கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் வளையமான புஷ்ஷின் உட்புறம் கிட்டோடு வரும் கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். அதற்கென்ற சிலிகான் கிரீஸ்தான் வேண்டும், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். கம்பியைப் பிடிப்புகளில் வைத்து, நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, கம்பி நடுவில் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். பிடிப்புகளை இறுக்கியபின், லிங்க் மாட்டும் முன், கம்பியின் கையைத் தூக்கிப் பாருங்கள். அது கையாலேயே சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஏதோ ஒரு பிடிப்பு கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

லிங்க் ராடு மாட்டுவதில்தான் நான் முதல்முறை தப்புச் செய்தேன். வண்டியை ஸ்டாண்டுகளில் தூக்கி, அச்சு கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போதே லிங்க் போல்ட்டுகளை முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். லிங்க் கண்ணில் இருக்கும் ரப்பர் அந்தத் தொங்கும் கோணத்திலேயே பூட்டிக்கொண்டது. வண்டியை இறக்கியதும் அது நிரந்தரமாக முறுக்கியபடியே இருந்தது. சில வாரங்களில் சின்ன மேடுகளில்கூட டக் டக் என்று சத்தம். கழற்றிப் பார்த்தால் ரப்பர் கிழிந்திருந்தது. வண்டியின் எடை சக்கரங்களில் உட்கார்ந்த பிறகே லிங்க் போல்ட்டுகளைக் கடைசி இறுக்கம் இறுக்க வேண்டும், கிட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து.

நீளம் மாற்றக்கூடிய லிங்க் ஏன் என்றேனே, அது உங்களுக்கு மிகவும் பொருந்தும். சமையல் மேடை, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் வண்டி நிற்கும்போதே அந்தப் பக்கம் சில மி.மீ. தாழ்ந்திருக்கும். இரண்டு லிங்க்கும் ஒரே நீளம் என்றால் கம்பி எப்போதும் கொஞ்சம் முறுக்கேறியே இருக்கும், இடது வளைவுக்கு ஒரு மாதிரியும் வலது வளைவுக்கு ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும். வழக்கமாக ஏற்றும் சாமான், தண்ணீரோடு சமதரையில் நிறுத்தி, ஒரு பக்க லிங்க்கை மாட்டிவிட்டு, மறுபக்கத்தின் நீளத்தைத் திருகித் திருகி, கடைசி போல்ட் சுத்தியல் இல்லாமல் விரலாலேயே உள்ளே போகும் வரை சரிசெய்யுங்கள்.

அப்புறம் இடைவெளி பார்க்க வேண்டும். அச்சு முழுதாகத் தொங்கும்போதும், மேலே முட்டு ரப்பர் வரை எழும்பும்போதும் கம்பியோ கையோ பிரேக் குழாய், சைலன்சர் குழாய், ஷாக், தரைக்கடியில் தொங்கும் உதிரிச் சக்கரம் எதிலும் பட்டுவிடக் கூடாது. லிங்க் ராடு கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்க வேண்டும். ரொம்பச் சாய்ந்து நின்றால், அச்சு முழுதாகத் தொங்கும்போது கையும் லிங்க்கும் ஒரே கோட்டுக்கு வந்து மறுபக்கம் மடங்கிவிடும்.

சோதனையை வீட்டுக்குப் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு வளைவில் செய்யுங்கள், பார் மாட்டும் முன் ஒருமுறை, மாட்டிய பின் ஒருமுறை, இரண்டு முறையும் ஒரே வேகத்தில். சாய்வை அளக்க செல்போன் மட்டப் பலகையை நம்பாதீர்கள். வளைவில் வெளிப்பக்கம் தள்ளும் விசையையும் அது சாய்வாகவே காட்டும். அதைவிடப் பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையேயான இடைவெளியை ஒரு சின்னக் கேமராவில் பிடித்துப் பார்ப்பது உண்மையைச் சொல்லும். மழை பெய்த நாளில் காலி வாகன நிறுத்தத்தில், குறைந்த வேகத்தில், வால் எப்படி நடந்துகொள்கிறது என்றும் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் தைரியம் ஏமாற்றும். 60 மீட்டர் ஆரமுள்ள இறங்குவளைவை 30 மைல் வேகத்தில் எடுத்தால் பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் சுமார் 0.3 பங்கு. 35-இல் எடுத்தால் 0.4-ஐத் தாண்டும். ஐந்து மைல்தான் கூடியது, விசை 36 சதவீதம் கூடிவிட்டது. முன்பெல்லாம் வண்டி சாய்ந்து எச்சரித்ததால் நீங்களே காலை எடுத்திருப்பீர்கள். பார் போட்டபின் 35-இல் போனாலும் பழைய 30 போலத்தான் தோன்றும். மஞ்சள் பலகையில் போட்ட வேகத்தையே பிடியுங்கள், பழகிய பின்னும்.

லாரிக் காற்று, பாலத்தில் பக்கக் காற்று விஷயத்தில் நேர்மையாகச் சொன்னால், பாதிதான் குறையும். உடல் உருள்வது குறைவதால் பதற்றம் குறையும். ஆனால் உயரமான தட்டைப் பக்கத்தில் காற்று மோதித் தடத்திலிருந்து தள்ளுவதைக் கம்பியால் தடுக்க முடியாது, அதற்கு வேகத்தைக் குறைப்பதே வழி. இன்னொரு விலையும் உண்டு. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால், கோணலாக வீட்டு முற்றத்தில் ஏறினால், மேலே உட்கார்ந்திருப்பவர் தலை வெடுக்கென்று பக்கவாட்டில் ஆடும். பின்னால் படுத்திருப்பவருக்கு அது நன்றாகவே தெரியும். கரடுமுரடான காட்டுப் பாதையில் முகாமுக்குப் போகிறவரென்றால் ஒரு பக்க லிங்க்கைக் கழற்றி மேலே கட்டிவிட்டுப் போகலாம், திரும்பும்போது தார்ச்சாலை ஏறும் முன் மாட்டிவிட வேண்டும்.

வாரண்டி பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். வெளிப் பாகம் மாட்டியதை மட்டும் காரணம் காட்டி முழு வாரண்டியையும் மறுக்க 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் இடம் தருவதில்லை. அந்தப் பாகத்தால் கெட்டதற்கு மட்டும் மறுக்கலாம். ரசீதையும் மாட்டும்போது எடுத்த படங்களையும் பத்திரமாக வையுங்கள்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். முதல் 100 மைலில் ஒருமுறை, 500 மைலில் ஒருமுறை கீழே போய் டார்க் ரெஞ்சு வைத்துப் பாருங்கள். யு போல்ட்டுகள் முதல் சில நாள்களில் உட்கார்ந்து கொஞ்சம் தளரும், அது இயல்பு. அதன்பின் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் டார்ச் அடித்து அந்தக் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தாலே போதும். சாலையில் உப்புத் தூவும் மாநிலத்தில் இருந்தால், குளிர்காலம் முடிந்ததும் கீழ்ப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, யு போல்ட் மரைகளில் துருத்தடுப்பு மெழுகு அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை புஷ் மாற்றும்போது நட்டைக் கழற்ற முடியாமல் அறுக்க வேண்டி வரும்.